கம்மாமயில் தண்ணீர்

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது ஏறக்குறைய இரண்டு மாதம் நான் அழகாகிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மாதமும் வீட்டில் மற்றவர்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்பது என் கண்ணில் படவே இல்லை.

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி அணையைத் தாண்டி மேலே ஏறினால் எங்கள் எஸ்டேட். எழுபதுகளின் தொடக்கம். வெள்ளைக்கார மானேஜர்கள் சிலர் ஊர் திரும்பாமல் மிச்சம் இருந்த காலம். எங்கள் துரையும் அவர்களில் ஒருவர். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பாவுக்கு பாக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, துரை பங்களாவில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். கல்யாணமாகாதவர் என்பதால் சாப்பாடு, படுக்கை, பேச்சு எல்லாம் எங்களோடுதான். பேச்சு மட்டும் கொஞ்சம் கூடுதல். கைக்குழந்தையாக ஒரு தம்பி. இத்தனை பேரும் லயம் என்ற வரிசை வீடுகளில் ஒன்றின் ஓர் அறைக்குள் அடங்கிக்கொண்டோம்.

அது தை மாதம். பனி விழுந்து புல் கருகி, காற்று தோலைச் சுரண்டுகிற மாதம். ஒரு நாள் காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். திடீரென்று சீப்பு நின்றது. என் தாடையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். முந்தானையை எச்சிலில் நனைத்து இடது கன்னத்தைத் துடைத்தாள். இன்னொரு தடவை, அழுத்தித் துடைத்தாள்.

"இங்க வாங்க, இதைப் பாருங்க."

அப்பா வந்து குனிந்து பார்த்தார். கன்னத்தில் எட்டணாக் காசு அகலத்துக்கு ஓர் இடம் வெளுத்திருந்தது. அப்பா விரலால் தடவினார். பிறகு அந்த இடத்தில் கிள்ளினார்.

"வலிக்கா?"

நல்ல வலி. ஆனால் எனக்கென்று ஒரு பேர் இருந்தது. முந்தின வருஷம் டிஸ்பென்சரியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி போட்டபோது லயமே அலற, நான் ஒருத்தி மட்டும் அழவில்லை. அன்று அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "எம்மவ ஊசிக்கே அழமாட்டா" என்று சொல்லிக்கொண்டு போனார். அந்தப் பேரை ஒரு கிள்ளுக்காக விட்டுவிடுவேனா?

"இல்ல" என்றேன்.

அப்பா இன்னும் பலமாகக் கிள்ளினார். "இப்ப?"

"இல்லப்பா. வலிக்கவே இல்ல."

பாராட்டுக்காக நிமிர்ந்து பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அவசரமாகக் கிளம்பியவள் இப்படி உட்கார்ந்தால் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது இருக்க மாட்டாளே என்பதுதான் என் கவலையாக இருந்தது.

அவர்கள் பயந்தது தொழுநோய்க்கு. தோலில் வெளுப்பு, வெளுத்த இடத்தில் உணர்ச்சி இல்லை என்றால் அதுதான் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குள் அந்தப் பேரை யாரும் சொல்லவில்லை. "பெரிய வியாதி" என்று மட்டும் ஒரு தடவை சித்தப்பாவின் வாயில் வந்தது, அதையும் அம்மா கையமர்த்திவிட்டாள். மேல் லயத்தில் ஒருவருக்கு அப்படி வந்திருந்தது. கம்பவுண்டர் பார்த்தார், பெரிய ஆபீசுக்கு எழுதினார், அந்த மனுஷரைக் கீழ்நாட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பெண்கள் பைப்படிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். நான்கு மாதத்தில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பூட்டிய வீட்டு வாசலில் நொண்டி விளையாடத் தோதான இடம் கிடைத்தது என்பதுதான்.

ஆகவே என்னை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போகவில்லை. மருந்து சித்தப்பாவின் சோற்று வாளியில் வந்தது.

பங்களாவில் துரைசாணி ஒரு பாத்தி நிறைய பூச்செடி வளர்த்தாள். பொடிப்பொடி இலை, வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் குமிழ். பார்க்கச் சின்னஞ்சிறு சாமந்தி. வெயில் பட்டால் துரைசாணியின் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்துவிடும். அப்போது அந்தப் பூவைப் பறித்து வெந்நீரில் போட்டு, ஆறவைத்து முகம் கழுவுவாளாம். தலைக்குக் குளித்தால் கடைசிச் செம்புத் தண்ணீரும் அதுதானாம். பூப் பறித்துக் கொடுத்தவர் என்ற முறையில் சித்தப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். பேரும் கேட்டு வைத்திருந்தார். துரைசாணி சொன்னது கெமோமைல். சித்தப்பாவின் காது தெற்கத்திக் காது. எங்கள் சொந்த ஊர்ப் பக்கம் ஏரியைக் கம்மாய் என்பார்கள். அவர் வீட்டுக்கு வந்து, "கம்மாமயிலு" என்றார்.

"கம்மாக்கரையில மயிலு இருக்கும். அதுக்கும் பூவுக்கும் என்ன?" என்று கேட்டாள் அம்மா.

"அது எனக்கென்ன தெரியும் மதினி? தோலுக்கு அம்புட்டு நல்லதுன்னு துரைசாணியே சொல்லுதாக. போட்டுப் பாப்பம். போட்டா என்ன, கெட்டா போவும்?"

அப்பா எழுந்தார். போய் அடுப்பை ஊதித் தண்ணீர் வைத்தார். அப்பா அடுப்பு ஊதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒரு கைப்பிடிப் பூவைச் சட்டியில் போட்டுக் கொதித்த தண்ணீரை ஊற்றி, தட்டால் மூடிவைப்பாள் அம்மா. கொஞ்சம் பொறுத்துத் திறந்தால் தண்ணீர் வெளிர்மஞ்சளாக மாறியிருக்கும். ஆப்பிள் பழத்தையும் காய்ந்த வைக்கோலையும் சேர்த்து வைத்தாற்போல் ஒரு வாசனை. வெள்ளைத் துணியில் வடிகட்டி, அந்தத் துணியையே வெந்த பூவோடு பொட்டலமாக்கி என் கன்னத்தில் ஒற்றி எடுப்பாள். இளஞ்சூடு சுகமாக இருக்கும். பிறகு கழுவிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் தேய்த்துக் குளித்ததும் மீதித் தண்ணீர் தலையில். முடி பட்டாக வழுக்கும்.

எதற்கு இதெல்லாம் என்று நான் கேட்காமல் இருப்பேனா? சித்தப்பா பதில் தயாராக வைத்திருந்தார்.

"இது அழகுத் தண்ணி தாயி. ரெண்டு மாசம் கழுவுனா துரைசாணி மக கணக்கா ஆயிருவ. ஆனா ஒண்ணு, வெளிய மூச்சு விடக்கூடாது. விட்டா பலிக்காது."

அதோடு நில்லாமல், துரைசாணி மகளுக்கு இருப்பது போல என்று சொல்லி முன்முடியை ஒரு பக்கமாக வெட்டி, இடது கன்னத்தில் விழும்படி விட்டார். வேலிச்செடி வெட்டுகிற கத்திரியால் வெட்டினார். வேலி மாதிரியேதான் இருந்தது. எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

இன்னொரு சலுகையும் கிடைத்தது. தம்பியை அம்மாவின் பக்கத்திலிருந்து எடுத்து அப்பாவின் பாயில் போட்டார்கள். அம்மா முழுக்க முழுக்க எனக்கே. அவள் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தாள். அழகான பிள்ளைகளை அம்மாக்கள் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

சுவரில் பதித்த கண்ணாடித் துண்டில் தினமும் என்னைச் சோதித்தேன். முடி பொன்னிறமாவதற்கு அறிகுறி இல்லை. வெயிலில் பின்னல் நுனியைப் பிடித்துப் பார்த்தால் கொஞ்சம் செம்பட்டை தெரிந்தது, அதுவும் எண்ணெய் காணாததால் வந்தது. ஆனால் கன்னம் என்னை ஏமாற்றவில்லை. சொரசொரப்பு போய் வழுவழுப்பாகிவிட்டது. வெளுப்போ பளிச்சென்று தெரிந்தது. வெள்ளைக்காரியாவது அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று கண்டுகொண்டேன். மிச்ச முகத்துக்கும் பரவ வேண்டியதுதான் பாக்கி.

ஒரு நாள் காலையில் மகிழ்ச்சி தாங்காமல் அதைச் சொல்லியும்விட்டேன்.

"யம்மா, இங்க பாரேன். நேத்தைக்கு இன்னைக்கு இன்னும் கொஞ்சம் பரவியிருக்கு!"

அம்மாவின் கையிலிருந்த சட்டி நழுவி, தண்ணீர் முழுவதும் தரையில் ஓடியது. கைதவறி விட்டதற்கு அவள் ஏன் முகத்தை மூடிக்கொண்டு அப்படி அழ வேண்டும்? "போனா போவுதும்மா, சித்தப்பா நாளைக்கும் பூக் கொண்டாரும்" என்று அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

சித்தப்பா கொண்டுவந்துகொண்டுதான் இருந்தார். பாத்தி மொட்டையாகிக்கொண்டு வருவதை ஒரு நாள் துரைசாணி பார்த்துவிட்டாள். முயல் மேய்கிறது என்றார் சித்தப்பா. அவள் கம்பிவலை வரவழைத்து, பாத்தியைச் சுற்றி அடிக்கச் சொன்னாள். முயல் புகாத அந்த வேலியைச் சித்தப்பாவே கருத்தாக அடித்து முடித்து, மறுநாள் அதன் மேலாகக் கையை விட்டுப் பறித்துவந்தார்.

மாசி கடைசியில் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஓர் அறிவிப்புச் செய்தார். வியாழக்கிழமை கீழே இருந்து ஒரு சார் வருவார், எல்லாப் பிள்ளைகளின் தோலையும் பார்ப்பார், முகம் கைகால் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வர வேண்டும். எதற்கு என்று டீச்சர் சொல்லியிருக்கலாம். தோலைப் பார்ப்பார் என்றதற்கு மேல் என் காதில் ஒன்றும் ஏறவில்லை. இரண்டு மாத உழைப்பு வீண்போகவில்லை, இது அழகுப் போட்டி, பரிசு எனக்குத்தான் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

வீட்டில் வந்து சொன்னேன். யாரும் சந்தோஷப்படவில்லை. அப்பா, "என்னைக்கு?" என்றார். "வியாழக்கிழமை" என்றேன். அவர் சோற்றுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றார்.

வியாழக்கிழமை காலையில் எனக்குப் பொங்கல் கவுனைப் போட்டுவிட்டாள் அம்மா. போட்டிக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் அவள் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். என்னுடையதும் அவளுடையதும் மட்டும்.

"எங்கம்மா போறோம்?"

"போடிக்கு. மாமா வீட்டுக்கு. பத்து மணி பஸ்ஸுக்கு."

"அப்ப பள்ளியோடம்?"

"இன்னைக்கு வேண்டாம் தாயி. உனக்கு மேலுக்குச் சரியில்லைன்னு சித்தப்பா டீச்சருகிட்ட சொல்லிக்கிடும்."

எனக்கு மேலுக்கு நன்றாகவே இருந்தது. உலகத்தில் இதைவிட அநியாயம் இருக்க முடியாது என்று தோன்றியது. அழுதால் காரியம் நடக்காது, அழுவது என் வழக்கமும் அல்ல. அம்மா தம்பியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விடப் போன நேரத்தில் நான் பின்வாசல் வழியாக இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் ஓடினேன். பாதை பங்களாத் தோட்டத்தை ஒட்டிப் போகும். வேலிக்குள்ளிருந்து சித்தப்பா, "ஏ பாப்பா! எங்கட்டீ?" என்று கத்தினார். "பரிசு வாங்கப் போறேன்!" என்று கத்திவிட்டு ஓடினேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மலையாளத்துக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தோல்பை. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நான் வரிசையை எல்லாம் மதிக்காமல் நேரே முன்னால் போய், முன்முடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கன்னத்தை அவருக்குக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். காதுமடலைத் தடவினார். இரண்டு முழங்கையின் பின்புறமும் விரலால் அழுத்தி எதையோ தேடினார்.

"இது எத்தனை நாளாயி?"

"ரெண்டு மாசமா கம்மாமயில் தண்ணியில கழுவுதோம் சார்" என்றேன் பெருமையாக.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். மூச்சிரைக்க, தலை அவிழ்ந்து, ஒரு காலில் செருப்பில்லாமல் வராந்தாப் படியில் நின்றாள். என்னைப் பிடித்து இழுக்கக் கை நீட்டியவள், பாதியில் கையைத் தொங்கவிட்டுவிட்டாள். பின்னாலேயே அப்பா, உடம்பெல்லாம் தேயிலைத் தூளோடு. சித்தப்பா பாக்டரிக்கு ஓடிப்போய் அழைத்துவந்திருக்கிறார். மூன்று பேரும் படியில் நின்றார்கள். டீச்சர் மற்ற பிள்ளைகளை வகுப்புக்குள் போகச் சொன்னார்.

சார் பையிலிருந்து ஒரு கோழியிறகை எடுத்தார்.

"பேடிக்கண்டா மோளே. பயப்படாதே. கண்ணை மூடிக்கோ. இது தொட்டா சொல்லணும், கேட்டோ?"

கண்ணை மூடினேன். இறகு கன்னத்தில் கூசியது. நான் சும்மா இருந்தேன். இன்னொரு தடவை தொட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு பேனா முனை போல எதுவோ மெதுவாகக் குத்தியது. ஊசிக்கே அசையாதவளிடமா? மூச்சுக்கூட விடவில்லை. படிப்பக்கமிருந்து அம்மாவின் தொண்டையில் ஒரு சத்தம் கேட்டது. சித்தப்பா, "மதினி, மதினி" என்றார்.

சார் அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தார். இமையிடுக்கில் எட்டிப் பார்த்தேன். அவர் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"செரி. நமக்கு ஒரு களி களிக்காம். விளையாட்டு. நான் எங்கே தொடுறேனோ, அதே இடத்திலே நீ விரலை வைக்கணும். தப்பாயா நீ தோத்து."

தோற்பதா? இறகு பட்டது, விரலை வைத்தேன். பட்டது, வைத்தேன். வெளுப்பின் நடுவில், ஓரத்தில், காதுக்குக் கீழே, திரும்பவும் நடுவில். அவர் இறகிலிருந்து பஞ்சுக்கு மாறினார், பிறகு பேனாவுக்கு மாறினார். ஒன்றைக்கூட நான் விடவில்லை. கடைசியில் தொடாமலே தொட்டதாகச் சொல்லி ஏமாற்றப் பார்த்தார். "நீங்க தொடவே இல்ல சார்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகுதான் கேட்டார். "முன்னே தொட்டப்போ எந்தா மிண்டாதிருந்தது? ஏன் பேசலை?"

"வலிக்குன்னு சொல்லாம இருந்தாத்தான் சமத்துன்னு எங்கப்பா சொல்லும்."

அப்பா படியேறி என் எதிரில் வந்து மண்டி போட்டார். அவருடைய குரல் எனக்குத் தெரிந்த குரலாகவே இல்லை.

"அன்னைக்கு அப்பா கிள்ளுனேனே தாயி. அது?"

"நல்லா வலிச்சுச்சு" என்றேன். "ரெண்டாவது கிள்ளு ரொம்ப."

சார் அவர்களைப் பார்த்துச் சொன்னார். "தேமலாணு. வெறும் தேமல். இந்தக் குளிர்காத்துக்குப் பிள்ளைகளுக்கு வர்றதுதான். அந்த வியாதி இல்லை. பேப்பர்ல எழுதித் தரட்டா? தேங்காயெண்ணெய் தேச்சா மதி, அது போதும், தானே போயிடும்."

சித்தப்பா தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். "சார், நாங்க ஒரு பூவைப் போட்டுக் கழுவுனோம். அதனால எதுவும் கெடுதல்..."

"பூ என்ன செய்யும்? பாவம். காய்ஞ்ச தோலுக்கு நல்லதுதான்" என்றார் சார்.

சித்தப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் அப்பமே சொன்னேன்லா மதினி?" என்றார். அம்மா டீச்சருடைய கையைப் பிடித்துக்கொண்டு, யார் கை என்றுகூடப் பார்க்காமல், கண்ணில் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. "சார், நான் பர்ஸ்ட்டா?"

"பர்ஸ்ட் தன்னே" என்றார் அவர்.

நாங்கள் நான்கு பேரும் தேயிலைப் பாதையில் வீட்டுக்கு நடந்தோம். போடி பஸ் அதற்குள் போயிருந்தது, அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. சித்தப்பா முன்னால் போய்க்கொண்டு, எதிரே கொழுந்துக் கூடையோடு வந்தவர்களுக்கெல்லாம் காரணமில்லாமல் வணக்கம் சொன்னார். அம்மா என் கன்னத்தைத் தடவுவதும், சிரிப்பதும், முந்தானையால் மூக்கைத் துடைப்பதுமாக வந்தாள். பாதை ரோட்டில் ஏறும் இடத்தில் ஒரு சின்னப் பாலம் உண்டு. அங்கே வந்ததும் அப்பா பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"யப்பா, பாக்டரிக்கு நேரமாயிருச்சுல்ல?" என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. "இரு தாயி, உங்கப்பா கொஞ்சம் இருக்கட்டும்" என்றாள் அம்மா.

மகள் பர்ஸ்ட் வந்த நாளில் ஒருவர் முகத்தை மூடிக்கொண்டு உட்காருவதற்கு எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. பாக்டரியிலிருந்து அவ்வளவு தூரம் மேடு ஏறி ஓடிவந்திருக்கிறார், கால் ஓய்ந்துபோயிருக்கும். பொங்கல் கவுன் அழுக்காவதையும் பாராமல் ரோட்டில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்து அமுக்கிவிட ஆரம்பித்தேன். முதலில் வலது கால், பிறகு இடது கால். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.